அறுபத்து நான்காவது கோப்பு

‘என் மெசின்ல நல்லா ஓடுதே’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. அந்த வாக்கியத்தை என் காதில் முதலில் போட்டவன் பெயர் நாகரத்தினம். கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்தவன். கழுத்தில் டை, கையில் எப்போதும் தின்பதற்கு ஏதாவது ஒன்று. அவனை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1987ஆம் வருடம். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. டைப் அடிப்பது, கடிதம் பிரிப்பது, ஸ்டென்சில் உருட்டுவது எல்லாம் என் வேலை. எனக்கு மேலே பெரிய கிராணி ஞானசுந்தரம். எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுகிறவர், ஆபீசில் துரை முன்னால் கடைசி வரிசையில்கூட நிற்கமாட்டார். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் பல வருடமாகியும் மேனேஜரை நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். இந்தத் துரை நம் நாட்டுக்காரர்தான். அப்படிக் கூப்பிடுவதில் அவருக்கும் ஒரு சுகம் இருந்தது.

ஈப்போவில் சித்தி வீட்டில் தங்கி ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள் நான். அதனால் தோட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சு வந்தபோது ‘கத்தரீன் பாத்துக்குவா லா’ என்று என் தலையில் கட்டினார்கள். நானும் பூரித்துப்போனேன், முட்டாள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பட்டியல் போட வேண்டும். தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டு நிலமும் எங்களுக்கு ஒரு மலை, ஒன்றிலிருந்து இருபத்தெட்டு வரை நம்பர். கடைசியாகக் கொழுந்து எடுத்த தேதியைப் பார்த்து, முற்றிய மலைகளைப் பொறுக்கி, பூச்சி மருந்து அடித்துப் பத்து நாள் ஆகாத மலைகளை விலக்கி, மிச்சத்தை அச்சடிக்க வேண்டும். அந்தத் தாளை, காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டிவிடுவோம். காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்கு வருகிற பெண்கள் அதைப் பார்த்து, இல்லை பார்த்தவர்களைக் கேட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மருந்தடிக்கிற கும்பலை மேற்பார்க்கிற மண்டோர் செல்லையா, அடித்து முடித்ததும் அந்த மலை ஏறும் வழியில் ஒரு கம்பை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டிவிடுவார். பத்தாவது நாள் அவரே போய் அவிழ்ப்பார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் சிவப்பு தெரியும். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் துணி கட்டிய மலையில் ஒருத்தியும் கால் வைக்கமாட்டாள். தோட்டத்து விதிப் புத்தகத்தில் அது ஒன்பதாம் விதி.

பிப்ரவரியில் நாகரத்தினம் தையல் மெசின் பெட்டி மாதிரி ஒரு கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு வந்து துரை மேசையில் வைத்து ஓட்டிக் காட்டினான். மருந்தடித்ததாகச் சொன்ன மலைகள் பட்டியலில் வராமல் தானாக விலகின. துரை கை தட்டினார். பெரிய கிராணியும் தட்டினார். நானும்தான்.

மார்ச்சில் துரை என்னைக் கூப்பிட்டு ஒரு சுற்றறிக்கை சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். நம்பர் பதினாலு. இனிமேல் மருந்தடித்த மலைகளைக் கம்ப்யூட்டரே விலக்கிவிடும். சிவப்புத் துணியைப் பார்த்துத் தோட்டம் சுற்ற வரும் வெளியூர்க்காரர்கள் வேண்டாத கேள்வி கேட்கிறார்கள். ஆகவே இன்று முதல் துணி கட்டக் கூடாது. ஆங்கிலத்தில் டைப் அடித்து, ஏழு பிரதி உருட்டி, ஒவ்வொன்றிலும் ஆபீஸ் முத்திரை குத்தி மண்டோர்களுக்குக் கொடுத்தேன். செல்லையா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா போட்டிருக்கு?”

“இனிமே துணி கட்ட வேணாமாம் மாமா.”

“ஏன்?”

“கம்ப்யூட்டர் பாத்துக்குமாம்.”

“அது மலைக்கு வருமா?” என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றும்.

ஏப்ரலில் எங்கள் ஆபீசுக்கென்று கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. புரோகிராம் தபாலில் வந்தது, பழுப்பு உறையில் இரண்டு டிஸ்க். கூடவே அச்சடித்த ஒரு பட்டியல். இந்தப் புரோகிராமில் அறுபத்து மூன்று கோப்புகள் உள்ளன, சரிபார்த்துக் கையெழுத்திடவும். நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். பட்டியலில் அறுபத்து மூன்று, டிஸ்க்கில் அறுபத்து மூன்று. ‘முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், கத்தரீன்’ என்று வளைத்து நெளித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பட்டியலை அவன் அந்த டிஸ்க்கைப் பார்த்தே அச்சடித்திருக்கிறான். பிறகு கணக்கு எப்படிப் பொருந்தாமல் போகும்? இருப்பதை எண்ணினேனே தவிர, இருக்க வேண்டியது எது என்று நான் கேட்கவே இல்லை.

ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் நல்ல மழை. இலையில் பூச்சி விழவில்லை, மருந்தும் அடிக்கவில்லை. பட்டியல் ஒழுங்காக வந்தது. ஜூலையில் வெயில் காய்ந்து சிவப்புச் சிலந்தி என்கிற பூச்சி விழுந்தது. ஒரு திங்கட்கிழமை செல்லையா பதினோராம் மலைக்கு மருந்தடித்து, தன் நோட்டில் எழுதி, சாயங்காலம் என்னிடம் காட்டினார். நான் தேதியையும் நம்பரையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். புதன்கிழமை பிற்பகல் மறுநாளைக்கான பட்டியலை அச்சடித்தேன். பலகையில் ஒட்டியதும் நான்தான். அதில் பதினோராம் மலை இருந்தது. நான் பார்க்கவில்லை. மெசின் போட்டதை மனுசி எதற்குப் பார்க்க வேண்டும் என்ற திமிர்.

பதினொன்று செங்குத்தான மலை. அங்கே கத்தரிக்கோலால் வெட்ட முடியாது, கையால்தான் கொழுந்து கிள்ள வேண்டும். வியாழக்கிழமை காலை எட்டுப் பெண்கள் போனார்கள். பனியில் நனைந்த செடிகளுக்கு நடுவே இடுப்பு வரை புகுந்து கிள்ளினார்கள். அவர்களில் ருக்குமணி அக்காவும் ஒருவர், செல்லையாவின் மனைவி. எட்டுப் பேர் கொழுந்தையும் சாக்கில் கொட்டிக் கையால் அமுக்கிக் கட்டியது அவர்தான். செல்லையா ஐந்து மணிக்கே தன் கும்பலோடு இருபத்து நாலாம் மலைக்குப் போய்விட்டார். தன் பெண்டாட்டி எந்த மலைக்குப் போகிறாள் என்று அவருக்குத் தெரியாது.

மத்தியானத்துக்குள் எட்டுப் பேருக்கும் கை சிவந்தது. சாயங்காலம் கண் இமைகள் வீங்கி மூடிக்கொண்டன. மறுநாள் ருக்குமணி அக்காவின் இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்துத் தோல் கழன்றது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம். மற்றவர்கள் ஒரு வாரத்தில் தேறினார்கள். அவருக்குப் புண் ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா இரண்டு கைகளிலும் துணி சுற்றி மடியில் வைத்திருந்தார்.

“மருந்து வாடை அடிக்கலையாக்கா?”

“அடிச்சுச்சு. ஆனா பலகையில பேரு இருந்துச்சே. துணியும் இல்ல. காத்துல வேற மலையிலேர்ந்து வருதுன்னு நெனச்சோம்.” அப்புறம் என்னைப் பார்த்து, “நீ போட்ட பட்டியல்தானம்மா, தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்” என்றார். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்திருக்கிறார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அன்று கிள்ளிய கொழுந்து என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அது வழக்கம்போலத் தொழிற்சாலைக்குப் போய், வாடி, அரைபட்டு, தூளாகி, பெட்டியில் ஏறிவிட்டது. அந்தத் தோட்டத்துத் தேத்தண்ணியை அதற்குப் பிறகு நான் வாயில் வைத்ததில்லை.

திங்கட்கிழமை துரை செல்லையாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். டைப் அடித்தது நான்தான், வேறு யார்? ஒன்பதாம் விதிப்படி மருந்தடித்த மலையில் சிவப்புத் துணி கட்டத் தவறியதால் எட்டுத் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டனர். வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று விளக்கம் தர வேண்டும். பத்து நாளில் விசாரணை. வேலை போனால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் போய்விடும். இருபத்தாறு வருடம் இருந்த வீட்டை இரண்டு வாரத்தில் காலி செய்ய வேண்டும். கை வெந்த பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு அவர் எங்கே போவார்? திரிங்காப் பக்கம் காய்கறித் தோட்டத்தில் மூட்டை தூக்குவதற்கு ஐம்பத்திரண்டு வயது ஆளை யார் எடுப்பார்கள்?

“சார், துணி கட்ட வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“நான் அப்படிச் சொல்லவே இல்லை. கம்ப்யூட்டர் கூடுதல் பாதுகாப்பு என்றுதான் சொன்னேன்.” முகத்தில் ஒரு சலனம் இல்லை. “அதோடு கம்ப்யூட்டர் தப்புச் செய்யாது. மனுசன்தான் செய்வான்.”

இந்தக் கம்ப்யூட்டரை வாங்கத் தலைமை அலுவலகத்தில் வாதாடியது துரை. மற்ற ஐந்து தோட்டங்களுக்கும் இதையே போடலாம் என்று எழுதிக் கொடுத்திருந்ததும் துரை. அந்தக் கடிதமும் என் கையால் அடித்ததுதான்.

கம்ப்யூட்டர்தான் தப்புச் செய்தது என்று நிரூபித்துவிட்டால் செல்லையா தப்பித்துவிடுவார் என்று நம்பினேன். கோலாலம்பூருக்குப் போன் போட்டேன். மருந்தடித்த மலை பட்டியலில் வருகிறது என்றேன். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்து விழுந்தது.

“என் மெசின்ல நல்லா ஓடுதே. நீங்க தேதிய தப்பா போட்டிருப்பீங்க, தங்கச்சி.”

தங்கச்சியாம்.

புரோகிராமைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். அறுபத்து மூன்று கோப்புகள், எல்லாம் சேர்த்து நாலாயிரம் வரிக்கு மேல். ‘மெயின்’ என்ற முதன்மைக் கோப்பு மற்றக் கோப்புகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். ‘டூ’ என்று எழுதிப் பக்கத்தில் கோப்பின் பெயரைப் போட்டால், அந்தக் கோப்பு வந்து தன் வேலையைச் செய்துவிட்டுத் திரும்பும். கூப்பிடப்பட்ட கோப்பு இன்னொன்றைக் கூப்பிடும். இரண்டு நாள் கண்ணால் தேடினேன். நானூறு வரிக்குமேல் எல்லா வரியும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்தது. கண்ணை நம்பித்தானே ஏப்ரலில் கையெழுத்துப் போட்டேன்? அதே கண்ணை மறுபடி நம்பவா?

அதனால் மதிய சாப்பாட்டு நேரங்களில் நானே ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். நாற்பது வரி. அது மற்றப் புரோகிராமை ஓட்டாது, படிக்க மட்டும் செய்யும். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, வரி வரியாகப் போய், ‘டூ’ என்று வருகிற இடத்தில் அதற்கு அடுத்த பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் டிஸ்க்கில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகும். இல்லாவிட்டால் மட்டும் பெயரை அச்சடிக்கும்.

வெள்ளிக்கிழமை அதை ஓடவிட்டேன். ஒன்பது நிமிடம் டிஸ்க் கரகரவென்று அரைத்தது. பிறகு பிரிண்டர் ஒரே ஒரு வரியை அடித்துவிட்டு நின்றது.

ஹோல்ட். இல்லை. கூப்பிடுவது மெயின், 212ஆம் வரி.

ஹோல்ட் என்றால் நிறுத்தி வை. மருந்தடித்த மலைகளை நிறுத்தி வைக்கிற கோப்பு. அறுபத்து நான்காவது கோப்பு. அவன் அதை வேறொரு புரோகிராமுக்காக முன்பே எழுதி, தன் மெசினில் வேறொரு இடத்தில் வைத்திருந்தான். அவன் மெசினில் கூப்பிட்டால் அது வரும். எங்களுக்குப் பிரதி எடுத்தபோது இந்தப் புரோகிராம் இருந்த இடத்திலிருந்து மட்டும் அள்ளிப் போட்டுவிட்டான்.

அதைக்கூட மறதி என்று விட்டுவிடலாம். கோப்பு இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் சும்மா இராது, ‘கோப்பு இல்லை’ என்று கத்தி நின்றுவிடும். எங்களுடையது ஏன் கத்தவில்லை? முதன்மைக் கோப்பின் மூன்றாவது வரியைப் பார்த்தேன். எந்தப் பிழை வந்தாலும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போ என்று எழுதி வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. ‘எஸ்டேட் கிராணிகள் பயந்துவிடுவார்கள்.’

இதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. சாப்பாட்டில் பல்லி கிடப்பதைப் பாதி சாப்பிட்ட பிறகு பார்த்ததுபோல இருந்தது. ஒரு ஆளின் வாயைக் கட்டிவிட்டு, அவன் கத்தவில்லை, அதனால் எல்லாம் நலம் என்று சொல்லியிருக்கிறான்.

அந்தத் தாளைத் துரையிடம் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு முறை படித்தார். “ஓ” என்றார். திங்கட்கிழமை நாகரத்தினம் காரில் வந்து இறங்கினான். வழியில் கியா பார்மில் வாங்கிய ஸ்ட்ராபெரிப் பெட்டி ஒன்றைத் துரைக்குக் கொடுத்தான். என் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து, அந்த ஒரு கோப்பை ஏற்றினான். இரண்டு நிமிட வேலை. ஒரு கையில் கறிபாப் பலகாரம். எண்ணெய் விரலை என் மேசைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

“யாரும் சாகலைதானே?” என்று கேட்டான்.

“இல்ல. எட்டுப் பேருக்குக் கை வெந்துபோச்சு.”

“கை மட்டுந்தானே. சரியாயிடும் லா.” பிறகு குரலை இறக்கி, “அந்தச் செக் பண்ற புரோகிராம எனக்கொரு காப்பி குடுங்களேன். நல்லா இருக்கு. ஆனா இதைப் பத்தி எழுத்துல ஒண்ணும் போட்டுராதீங்க, துரைகிட்டயும் பேசிட்டேன்” என்றான்.

அவனுக்குக் காப்பி கொடுக்கவில்லை. துரையிடம் போய், “கம்ப்யூட்டர்தான் தப்புன்னு தெரிஞ்சுபோச்சே சார், செல்லையா மாமா மேல இருக்குற கேசு?” என்று கேட்டேன்.

“அது வேறு, இது வேறு. கம்ப்யூட்டரைச் சரி பண்ணியாகிவிட்டது. கம்ப்யூட்டர் தப்பினாலும் துணி காப்பாற்ற வேண்டும், அதற்குத்தான் விதி. துணி கட்டியிருந்தால் இது நடந்திருக்குமா?”

நடந்திருக்காதுதான். அந்தப் பேச்சில் அதுதான் என்னால் தாங்க முடியாத பகுதி.

மறுநாள் விசாரணை அறிக்கையை டைப் அடித்து, இணைப்புகளோடு கட்டாக அடுக்கச் சொன்னார்கள். ஒன்பதாம் விதி, மருந்து நோட்டின் பக்கம், பலகைப் பட்டியல், ஆஸ்பத்திரிச் சீட்டு. நாலு இணைப்பு. பெரிய கிராணி எண்ணிப் பார்த்து, “எல்லாம் இருக்கு, கையெழுத்துப் போட்டுரு” என்றார்.

எண்ணிப் பார்த்துக் கையெழுத்து! ஏப்ரலில் போட்டது போதாதா? ஒரு பென்சிலை எடுத்து அறிக்கையை வரி வரியாகப் படித்தேன், என் நாற்பது வரிப் புரோகிராம் படித்த மாதிரி. எந்த வரி எந்தத் தாளைக் கூப்பிடுகிறது? கூப்பிட்ட தாள் கட்டுக்குள் இருக்கிறதா? இரண்டாம் பக்கத்தில் ‘ஒன்பதாம் விதியும் அது தொடர்பாக வந்த சுற்றறிக்கைகளும்’ என்று இருந்தது. ஏதோ பழைய கடிதத்தைப் பார்த்துத் துரை எழுதியதில் அவரை அறியாமல் ஒட்டிக்கொண்டு வந்த வாசகம். விதி இருந்தது. சுற்றறிக்கை இல்லை.

சுற்றறிக்கைக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். பதிமூன்று இருந்தது. அடுத்து பதினைந்து. ஸ்டென்சில் வைக்கும் பெட்டியிலும் பதினாலு இல்லை.

“பதினாலா?” என்றார் பெரிய கிராணி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. “அப்படி ஒண்ணு வந்த மாதிரி ஞாபகம் இல்லியேம்மா.”

“நான் டைப் அடிச்சேன் சார். நீங்க பக்கத்துல நின்னீங்க.”

“எனக்கு ரெண்டு வருசத்துல பென்சன், கத்தரீன்.” அவ்வளவுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அதே வாயால் பாடுவார்.

மற்ற ஆறு மண்டோர்களையும் கேட்டேன். தாளா, எந்தத் தாள் என்றார்கள். ஒருவர் அதில் கடலை மடித்ததாகச் சொன்னார். கடைசியாகச் செல்லையா வீட்டுக்குப் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும், ஆனால் அந்த வீட்டுக்குள் போக எனக்கு முகம் இல்லை. ருக்குமணி அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். செல்லையா அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“மாமா, மார்ச் மாசம் ஒரு தாளு குடுத்தேனே, துணி கட்ட வேணாம்னு. அத என்ன பண்ணீங்க?”

“ஆபீஸ்லயே இருக்குமேம்மா. நீதான அடிச்ச?”

“ஆபீஸ்ல இல்ல. எடுத்துட்டாங்க.”

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். மூடியைத் திறந்தால் விளிம்பு வரை காகிதம். பிறப்புப் பத்திரம், அம்மை குத்திய சீட்டு, ஐசி என்கிற அடையாளக் கார்டுக்கு மனுப் போட்ட ரசீது, லோரியில் போன பயணத்துக்குக் கொடுத்த துண்டுச் சீட்டு, எட்டு வருடத்துக்கு முந்திய தீபாவளி விடுமுறை நோட்டீஸ். முத்திரை குத்திய ஒரு காகிதத்தையும் அவர் எறிந்ததே இல்லை.

“எங்க அண்ணன் ராமையாவுக்குச் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்கறது. எழுவதுல கவர்மெண்டுக்காரன் பெர்மிட் இல்லாம வேல பாக்கக் கூடாதுன்னுட்டான். இங்கதான் பொறந்தேன்னு காட்ட ஒரு காயிதம் கேட்டான். இருந்த காயிதத்த அடுப்புப் பத்த வச்சுட்டாங்க எங்க அம்மா. பொறந்ததுலேருந்து பாக்காத இந்தியாவுக்குக் கப்பல் ஏத்தி விட்டான். அதுக்கப்புறம் நான் எதையும் எறியறதில்ல. எனக்குப் படிக்கத் தெரியாது, முத்திரை தெரியும். இதுல எதும்மா நீ கேக்கறது?”

மேலிருந்து ஒன்பதாவது தாள். நம்பர் பதினாலு. முத்திரை. கீழே இடது மூலையில், சொன்னவர் எழுத்தும் அடித்தவர் எழுத்தும் போடுகிற இடத்தில், துரை பெயரின் இரண்டு ஆங்கில எழுத்தும், கத்தரீனுக்கு என் ‘சி’யும். நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். செல்லையா பயந்துபோய், “கெட்ட சேதியாம்மா?” என்று கேட்டார்.

விசாரணை வியாழக்கிழமை. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். துணி கட்டக் கூடாது என்று ஏதாவது உத்தரவு வந்ததா என்று அதிகாரி கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்றார் துரை. பெரிய கிராணியைப் பார்த்தார் அதிகாரி. அவர் தலையைக் கீழே போட்டுக்கொண்டு, இல்லை என்பதுபோல ஆட்டினார்.

செல்லையா எழுந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். டின்னை மேசைமேல் வைத்துத் திறந்து, மேலே தனியாக வைத்திருந்த தாளை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி படித்தார். துரை எட்டிப் பார்த்தார். “இது நம்முடையதுதானா என்று சொல்ல முடியாது” என்றார்.

“இதை யார் டைப் அடித்தது?”

என் பென்சில் நின்றது. என் வீடும் தோட்டத்து வீடுதான். அம்மா அதில்தான் இருந்தாள். “நான்தான் சார். துரை சொல்ல நான் அடிச்சேன். கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஒரு கோப்பு இல்லாமதான் பதினோராம் மலை பட்டியல்ல வந்துச்சு. அதுக்கும் தாள் இருக்கு” என்று சொல்லி, பிரிண்டர் அடித்த அந்த ஒற்றை வரித் தாளையும் எடுத்து வைத்தேன்.

அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காகிதக் கட்டை மூடி வைத்தார். செல்லையா வேலையில் தொடரலாம், இது ஒரு தவறான புரிதல் என்றார். தவறான புரிதல்! துரை அதற்குத் தலையாட்டினார். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. செல்லையா தன் டின்னுக்கு அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்தப் புரோகிராம் இன்னும் ஐந்து தோட்டங்களுக்குப் போகவிருந்தது. என்னை வெளியே அனுப்பினால் நான் பேசுவேன் என்று யாரோ யோசித்திருக்க வேண்டும்.

மறுவாரம் துரை என்னைக் கூப்பிட்டு இன்னொரு சுற்றறிக்கை சொன்னார். நம்பர் இருபத்திரண்டு. மருந்தடித்த மலைகளில் ‘எப்போதும் உள்ள வழக்கப்படி’ சிவப்புத் துணி கட்ட வேண்டும். எப்போதும் உள்ள வழக்கப்படி! அதை அடிக்கும்போது என் நாக்கில் கசந்தது. அந்த வரிக்கு அடியில் ‘சுற்றறிக்கை பதினாலு இதனால் ரத்து’ என்று நானே ஒரு வரி சேர்த்தேன். துரை கையெழுத்துப் போடும்போது அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். போட்டார்.

இந்த முறை மண்டோர்கள் மட்டுமல்ல, கொழுந்து எடுக்கிற எல்லாரும் சுற்றறிக்கையைக் கேட்டுப் புரிந்துகொண்டதாக எழுத்தில் வேண்டுமாம். தலைமை அலுவலகத்து உத்தரவு. ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் பெரட்டுக் களத்தில் மேசை போட்டோம். நான் தமிழில் படித்துச் சொன்னேன். கையெழுத்துத் தெரிந்தவர்கள் போட்டார்கள். தெரியாதவர்கள் பெரிய கிராணி நீட்டிய மை அட்டையில் கட்டைவிரலை ஒற்றித் தாளில் வைத்தார்கள்.

ருக்குமணி அக்கா அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். கையில் புதுத்தோல் வந்திருந்தது, இளஞ்சிவப்பாக, வழவழவென்று. முகத்தில் மட்டும் பழைய அக்கா. கட்டைவிரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தார். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது.

“சரியா விழல. இன்னொரு தடவ” என்றார் பெரிய கிராணி.

வைத்தார். கறுப்பு வட்டம்.

“அமுக்காத, மெதுவா.”

மூன்றாவது தடவையும் அப்படியேதான் விழுந்தது. பெரிய கிராணி தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “என்னம்மா இது, ரேகையே இல்லியே” என்றார்.

“இருந்துச்சு கிராணி” என்றார் ருக்குமணி அக்கா. “பதினோராம் மலையில போச்சு.”

பெரிய கிராணி தாளைக் கீழே வைத்துவிட்டார். நான் மேசையைச் சுற்றி வந்து, தாளை என் பக்கம் இழுத்து, அந்த மூன்று கறுப்பு வட்டங்களுக்கும் பக்கத்தில் அவர் பெயரை எழுதினேன்.